வேலுத்தாயின் ஆறு நாட்கள்

அத்தியாயம் 7

பொன்வள்ளி மில் மேனேஜர் அறையில் இன்னும் நேற்றுதான் நடந்துகொண்டிருந்தது.

அதை முதலில் கவனித்தவன் பீர் மைதீன். மேனேஜர் கண்ணுச்சாமியின் தலைக்கு மேலே தொங்கிய தினசரிக் காலண்டரில் புதன்கிழமைத் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. வெளியே ராஜபாளையம் முழுக்க வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி ஆகி, வெயில் ஏறி, இரண்டாவது டீ போய்க்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நாம ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம் போல" என்று சங்கையாவின் காதில் முணுமுணுத்தான்.

சங்கையா திரும்பவில்லை. பதினெட்டு வருஷம் போலீஸில் ஏட்டாக இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரைப் பற்றி உண்மையை எழுதிய ஒரே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை மாடியில் 'சங்கையா துப்பறியும் நிலையம்' நடத்துகிறார். துப்பறிவது பெரும்பாலும் மாப்பிள்ளைகளை. குடிக்கிறானா, ஏற்கனவே ஒருத்தி இருக்கிறாளா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா. பீர் மைதீன் அவருடைய உதவியாளன். மதுரையில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு வேலை தேடி, தேடுவதையே வேலையாக்கிக்கொண்டவன்.

"விஷயம் சின்னதுதான், ஏட்டையா" என்றார் கண்ணுச்சாமி. நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் வேறு வேறு நிறம். "நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டுல வேலுத்தாய்னு ஒரு பொம்பளை. கோன் வைண்டிங்ல நூல் சுத்துற வேலை. ரெண்டு வருசத்துல நானூத்து எண்பது நாள் வேலை பாத்தா நிரந்தரம் பண்ணணும்னு சட்டம் இருக்கு. போன மே மாசம் முப்பத்தொண்ணோட ரெண்டு வருசம் முடியுது. கம்ப்யூட்டர் நானூத்து எழுபத்தேழுங்கு. அந்தம்மா நானூத்து எண்பத்தி மூணுங்கு."

"மூணு நாள்ல தவறுது" என்றார் சங்கையா.

"தவறுனா தவறுனதுதான? நிரந்தரம் ஆகுறவுக லிஸ்ட்டுல பேர் இல்லாதவங்களுக்கு நாளையிலருந்து வேலை கிடையாது. ஆறு மாசம் கழிச்சு வரட்டும், திரும்ப ஒண்ணுலருந்து எண்ணட்டும், யாரு வேண்டாங்கா? ஆனா அந்தம்மா என்னத்தையோ கம்பியில கோத்து எடுத்துட்டு வந்து, கம்ப்யூட்டர்ல யாரோ கைய வச்சிட்டாகன்னு கேட்டுக்குக் கேட்டு நின்னு சொல்லிட்டுத் திரியுது. அதனால எனக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். கம்ப்யூட்டரை எவனும் தொடலைன்னு. சாயங்காலம் நாலு மணிக்குள்ள."

"லிஸ்ட்டுல கையெழுத்துப் போட லேபர் ஆபீசர் வாராரோ?"

கண்ணுச்சாமி சிரித்தார். வெள்ளையாக, நிறைய. "நாலு மணிக்குள்ள குடுத்துருங்க" என்றார்.

அந்தச் சிரிப்பை அப்போதே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று பீர் மைதீன் பிற்பாடு நினைத்துக்கொண்டான்.

"இந்தத் தம்பி கூட வாரது நல்லதாப் போச்சு" என்று மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "போன வருசம் ரெண்டு யூனிட் கம்ப்யூட்டரையும் சேத்து வச்சது இவருதான். என்ன செலவாகும்னு கேட்டேன். இலவசம்னாரு. அன்னைக்கிருந்து எனக்கு இவரு மேல தனி மரியாதை."

*

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் சங்கையாவுக்கு. பீர் மைதீனுக்குப் பாதி சீட். மீதிப் பாதியில் ஒருவருடைய வாழைத்தார் உட்கார்ந்திருந்தது.

"அது என்னலே இலவசம்?" என்றார் சங்கையா. "இந்த ஊர்ல இலவசமா கொடுக்கிறது அட்வைஸ் ஒண்ணுதான்."

"கம்ப்யூட்டர் புஸ்தகத்தோட ஒரு சிடி கொடுத்தான், அண்ணாச்சி. அதுல இருந்த புரோகிராம். யாரோ எங்கயோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு விட்டது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். ஒளிவுமறைவே கிடையாது."

"அப்படி ஒரு மாப்பிள்ளையை இன்னும் நான் பாக்கல. அது என்ன செய்யும்?"

"ரெண்டு ஊர் கம்ப்யூட்டர்லயும் 'வருகை'ன்னு ஒரே பேர்ல ஃபோல்டர் இருக்கு. மாசத்துக்கு ஒரு ஃபைல். யார் யாரு எந்தெந்த நாள் வேலைக்கு வந்தாகன்னு. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நூர்னிசாக்கா டைப் பண்ணும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ராஜபாளையம் கம்ப்யூட்டர், ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டருக்குத் தானா போன் போடும். ரெண்டும் தங்கிட்ட இருக்கிறதை ஒப்பிட்டுப் பாக்கும். ஒரே ஃபைல் ரெண்டு மாதிரி இருந்தா, கடைசியா எழுதுனது எதுவோ அது நிக்கும். பழசு மேல புதுசை எழுதிரும். பொறவு ரெண்டு ஃபோல்டரும் ஒண்ணுபோல ஆயிரும். ரெண்டே வரி, அண்ணாச்சி. நான் எழுதுன ரெண்டு வரி."

அந்த இரண்டு வரியைச் சொல்லும்போது அவன் குரல், நாலு வருஷப் படிப்பை மூன்று வருஷத்தில் முடித்தவன் குரலாக மாறியது. மூன்று வருஷப் படிப்பை நாலு வருஷத்தில் முடித்தவன் என்பதே உண்மை.

"எது புதுசுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு ஃபைல் மேலயும் தேதி இருக்கும்."

"தேதிய யாரு போடுறா?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது போடும்."

"கடிகாரத்துக்கு யாரு சொல்லுதா?"

"யாரும் சொல்ல வேண்டாம். அது பாட்டுக்கு ஓடும்."

சங்கையா ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். "தன் பாட்டுக்கு ஓடுற கடிகாரத்தை நம்ம ஊர்ல நான் எங்கயும் பாத்ததில்லலே" என்றார். அதற்குப் பிறகு கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற ஒருவர் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டதற்காகக் கண்டக்டரோடு சண்டை போட, பேச்சு அதோடு நின்றது.

*

யூனிட்டின் ஆபீஸ் அறை, ஒரு மேஜையும் ஒரு பீரோவும் ஒரு கம்ப்யூட்டரும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடம். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை. போன ஆயுத பூஜையின் சந்தனம் மானிட்டரில் இன்னும் காயாத மாதிரியே காய்ந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்திரங்கள் போடுகிற சத்தத்தில், பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் பாதி வார்த்தையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நூர்னிசா பீர் மைதீனைப் பார்த்ததும் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். பஞ்சு படிந்த முக்காடு.

"வா தம்பி. என்னைத்தான் பிடிக்க வந்திருக்கியோ?"

"உங்களைப் பிடிக்கணும்னா தனியா ரெண்டு ஆள் கூட்டிட்டு வந்திருப்பேன், அக்கா. அண்ணாச்சி கம்ப்யூட்டரைப் பாக்கணுமாம்."

சங்கையா கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையை அல்ல. அதன் இடது பக்கத்தை. அங்கே ஒரு பிள்ளையார் படம் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

"இது யாரும்மா ஒட்டுனது?"

"மேனேஜர் ஒட்டச் சொன்னாரு. மெஷினுக்கு ஒரு சாமி இருக்கட்டும்னு. அங்க ஏற்கனவே ஏதோ பேப்பர் இருந்துச்சு. இடம் சரியா இருக்குன்னு அது மேலயே ஒட்டியாச்சு."

பீர் மைதீனுக்குச் சுருக்கென்றது. அந்தப் பேப்பர் அவனுடையது. சங்கையா நகத்தால் பிள்ளையாரின் ஒரு காதை மெல்ல உரித்தார். கீழே அவன் கையெழுத்து, பச்சை ஸ்கெட்ச் பேனாவில்: 'தேதியையும் நேரத்தையும் எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது.'

"நல்லா எழுதிருக்க" என்றார் சங்கையா. காதை மறுபடி ஒட்டிவிட்டார். "அந்த வேலுத்தாயைக் கூப்பிடும்மா."

வேலுத்தாய் வேலையைப் பாதியில் விட்டு வந்தாள். தலைமுடியில், புருவத்தில், இமையில் பஞ்சு. முப்பத்தைந்து வயதுக்கே நரைத்த மாதிரி இருந்தது; தட்டிவிட்டால் இளமை திரும்பிவிடும் என்று பீர் மைதீன் நினைத்தான். அவள் தட்டிவிடவில்லை. கையில் மஞ்சள் பையும் பைக்குள் நீளமான இரும்புக் கம்பியும். பலசரக்குக் கடையில் சீட்டுகளைக் குத்தி வைக்கிற கம்பி. அதில் காலண்டர் தாள்கள், அடுக்கடுக்காக.

"இது என்னம்மா?"

"நான் வேலைக்கு வந்த நாளு, ஐயா. வீட்டுக் காலண்டர்ல தினமும் காலையில கிழிப்பேன். வேலைக்கு வந்துட்டுப் போனா ராத்திரி சாப்பிடுறதுக்கு முன்ன கம்பியில குத்துவேன். வராத நாள்னா அடுப்புல போட்டிருவேன். இது மே வரைக்கும் ரெண்டு வருசம்; ஜூன்லருந்து வீட்டுல வேற கம்பி."

"குத்தி?"

"குத்துனதும் கீழருந்து ஒருக்கா எண்ணுவேன்."

"தினமுமா?" என்றான் பீர் மைதீன். "நானூறு தாளையும்?"

"எண்ணுனாத்தான் தூக்கம் வருது, தம்பி." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "மலைப் பெருமாள் கோயிலுக்கு அடுத்த தெருவுல குடியிருக்கேன். ரெண்டு புரட்டாசி போயிருச்சு. ஒரு சனிக்கிழமை கூட லீவு போட்டு மேல ஏறல. நிரந்தரம் ஆனதும் வந்து மொத்தமா கும்பிட்டுக்கிறேன்னு கீழருந்தே சொல்லிட்டு வந்துருவேன்."

"கூலி ஒழுங்கா வந்துச்சா?"

"அது வாராவாரம் மேஸ்திரி துண்டுச் சீட்டைப் பாத்துக் கொடுப்பாக. கொடுத்ததும் சீட்டைக் கிழிச்சிருவாக. காசு வந்துருச்சு, ஐயா. நாளுதான் வரல."

சங்கையா தரையில் உட்கார்ந்தார். பீர் மைதீனும். நூர்னிசா இருபத்துநாலு மாதத்துக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க, கம்பியிலிருந்து மாதம் மாதமாகத் தாள்களைப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஜூன் சரி. ஜூலை சரி. ஆகஸ்ட் சரி. இருபத்துமூன்று மாதம், ஒரு நாள் பிசகில்லாமல், இரும்புக் கம்பியும் கம்ப்யூட்டரும் ஒன்றையே சொல்லின.

"ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், அண்ணாச்சி" என்றான் பீர் மைதீன். "கரண்ட் இல்லாம ஓடுற கம்ப்யூட்டரை இப்பதான் பாக்கேன்."

கடைசி மாதம், இந்த வருஷத்து மே. கம்பியில் இருபத்தைந்து தாள். பிரிண்டில் பத்தொன்பது நாள்.

சங்கையா பிரிண்டை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். "மைதீனு. இந்த மாசத்துல வேலுத்தாய்க்கு மட்டுமா நாள் குறையுது? பாரு. இருபத்துமூணாம் தேதிக்குப் பொறவு யூனிட்டுல ஒருத்தருமே வேலைக்கு வரலங்கு உன் கம்ப்யூட்டர்."

உண்மைதான். நூற்றுச் சொச்சம் பேரின் பெயருக்கு நேரே இருபத்துமூன்றாம் தேதியோடு கட்டங்கள் காலியாகியிருந்தன. எல்லோருக்கும் ஆறு நாள் போயிருந்தது. மற்றவர்கள் நானூற்று எண்பதுக்கு வெகு மேலேயோ வெகு கீழேயோ இருந்ததால் அந்த ஆறு நாள் அவர்களைக் கடிக்கவில்லை. வேலுத்தாய் மட்டும்தான் வரப்பின் மேல் நின்றவள்.

"கை வச்சவனுக்கு இந்தம்மா மேல என்ன கோவம்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார் சங்கையா. "கோவமே இல்லலே. இந்தம்மா பேரே தெரியாது." கம்பியின் கடைசி ஆறு தாள்களைத் தனியே பிடித்தார். கடைசித் தாள் மே முப்பது, சனிக்கிழமை, வைகாசி பதினாறு. அதன் கீழே சிவப்பில் சின்னதாக ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்டினார்.

கரிநாள்.

"மேனேஜர் ரூம்ல காலண்டர் ஏன் கிழிக்காம இருந்துச்சு?" என்று கேட்டார்.

பீர் மைதீன் கரிநாள் தாளை வாங்கிப் பார்த்தான்.

"இன்னைக்கு அஷ்டமி" என்றது நூர்னிசாவின் குரல், பின்னாலிருந்து. "ஆகாத நாள்ல அவுக தாளைக் கிழிக்க மாட்டாக. எதையும் தொடங்க மாட்டாக, முடிக்க மாட்டாக. கையெழுத்துக்கூட முந்துன நல்ல நாளோட தேதியைத்தான் போடுவாக."

"நோட்டுப் புஸ்தகத்துல சரி, கம்ப்யூட்டர்ல என்னம்மா செய்வாக?"

நூர்னிசா கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன் பண்ணுவாக" என்றாள். "மாசக் கடைசி ஆகாத நாளா இருந்தா, கம்ப்யூட்டர் தேதியை நல்ல நாளுக்கு மாத்தி வச்சிட்டு ஃபைலை முடிம்பாக. முடிச்சதும் நான் திரும்பச் சரி பண்ணிருவேன். எப்பவும் ஒரு நாள், ரெண்டு நாள்தான் பின்னால போகச் சொல்லுவாக. மே மாசம் முப்பதும் கரிநாள், முப்பத்தொண்ணும் கரிநாள். அதுக்கு முன்ன அமாவாசை, மறுநாள் பாட்டிமை, அது இதுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு இடிச்சுக்கிட்டே போச்சு. கடைசியில இருபதாம் தேதி முகூர்த்தம், அதையே போடுன்னாரு."

பீர் மைதீனுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கு தானாகவே கண் முன்னால் ஓடியது. இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை, பாதி மாதத்து ஃபைல் ராஜபாளையம் போகிறது, இருபத்துமூன்று என்ற தேதியோடு. முப்பதாம் தேதி சனிக்கிழமை, நூர்னிசாக்கா முழு மாதத்தையும் முடிக்கிறாள், இருபது என்ற தேதியோடு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடிக்கிறது. அவனுடைய இரண்டு வரி இரண்டு ஃபைலையும் எதிரெதிரே நிற்க வைத்துப் பார்க்கிறது. இருபத்துமூன்று புதுசு. இருபது பழசு. அரை மாதம் முழு மாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

யாரும் தொடவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. அது சொன்னதைச் செய்தது.

"எந்திரிங்க, அக்கா" என்று நூர்னிசாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஒண்ணு செஞ்சு வச்சிருந்தேன், அண்ணாச்சி. ஒரு ஃபைல் மேல இன்னொண்ணை எழுதுறப்ப, அழியுறதை வேற பேர்ல எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். புஸ்தகத்துல போட்டிருந்துச்சு, போட்டு வச்சேன்."

இருந்தது. பெயரின் வாலில் ஒரு சின்ன நெளிவுக் குறியோடு, ஒரு மூலையில், ஒரு மாதமாக யாரும் திறக்காத மே மாதம். திறந்தான். இருபத்தைந்து நாள். வேலுத்தாயின் பெயருக்கு நேரே முப்பதாம் தேதி வரைக்கும் கட்டம் நிறைந்திருந்தது.

"நானூத்து எண்பத்தி மூணு" என்றான்.

"அதைத்தான ஐயா நானும் சொன்னேன்" என்றாள் வேலுத்தாய்.

பிரிண்டர் சத்தம் போட்டு முடித்தது. காகிதத்தைக் கிழித்துக் கொடுத்த நூர்னிசா அதன் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டையா, தேதி மாத்துனதை நான் சொன்னேன்னு மட்டும் எழுதிராதீக. எனக்கு நானூத்து எண்பது போன வருசம்தான் முடிஞ்சது."

*

திரும்பி வருகிற பஸ்ஸில் வேலுத்தாயும் இருந்தாள். கம்பியை ஆபீசரிடம் நேரில் காட்ட வேண்டும் என்று சங்கையா சொன்னதால், மேஸ்திரியிடம் அரை நாள் சொல்லிவிட்டு வந்தாள். மஞ்சள் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

செருப்புக் கடை மாடியில் பீர் மைதீன் ரிப்போர்ட்டைத் தட்டினான். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் 'கோப்பை எவரும் கைவைத்துத் திருத்தியதற்கான அடையாளம் இல்லை' என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் 'ஆயினும்' என்று தொடங்கி மீதி எல்லாம் இருந்தது. நூர்னிசாவின் பெயர் எங்கேயும் இல்லை.

மூன்று ஐம்பதுக்கு மேனேஜர் அறை. வேலுத்தாய் வெளியே கேட்டோரம் நின்றாள். உள்ளே விட வாட்ச்மேனுக்கு உத்தரவு இல்லை.

கண்ணுச்சாமி முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். சந்தோஷமாக. இரண்டாம் பக்கத்தை ஒரு தடவை. பிறகு பிரிண்டை எடுத்தார்.

"இந்த ஃபைல் எந்தத் தேதியில எழுதுனது, தம்பி?"

"மே இருபதுன்னு காட்டும் சார். ஆனா அது..."

"இருபதாம் தேதி எழுதுன ஃபைல்ல முப்பதாம் தேதி வரைக்கும் வேலைக்கு வந்திருக்காங்க." பிரிண்டை மேஜையில் வைத்து, பேப்பர்வெயிட்டை அதன் மேல் வைத்தார். "நடக்காத பத்து நாளை முன்கூட்டியே எழுதிருக்கு. இதைக் கோர்ட்டுல காட்டுனா ஜட்ஜு என்ன சொல்லுவாரு? ஜோடிச்சதும்பாரு. நான் சொல்லல, உங்க காகிதமே சொல்லுது."

"தேதியை மாத்தச் சொன்னது நீங்க" என்றார் சங்கையா.

"எழுத்துல இருக்கா?"

இல்லை. டெலிபோன் ஒயருக்குள் இருந்தது.

பீர் மைதீன் பேப்பர்வெயிட்டுக்கு அடியிலிருந்த பிரிண்டைப் பார்த்தான். அந்த ஃபைல் பொய் சொல்லவில்லை. அதன் நெற்றியில் மட்டும் இந்த மனுஷர் ஒரு பொய்யை எழுதிவிட்டார். இப்போது நெற்றியைக் காட்டி, பார், பொய்க்காரன் என்கிறார்.

"அதை ஆபீசர் முடிவு பண்ணட்டும்" என்றார் சங்கையா. "நாலு மணிக்கு வாராருல்லா? கம்பி வெளிய இருக்கு. நாங்களும் இருக்கோம்."

"ஆபீசரா?"

அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது.

"அவரு நேத்துக் காலையிலயே வந்து லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரே, ஏட்டையா. இன்னைக்கு அஷ்டமி. அஷ்டமியில போய் நூத்துச் சொச்சம் பேரோட பொழப்புல யாராவது கையெழுத்துப் போடுவாகளா?"

பீர் மைதீன் அண்ணாந்து பார்த்தான். காலண்டரில் இன்னும் புதன்கிழமை. காலையில் அதைப் பார்த்து அவன்தான் முதலில் சிரித்தான். ஒன்பதரை மணிக்கே அந்தத் தாள் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. அவர்கள் பஸ் ஏறி, வாழைத்தாருக்கு இடம் விட்டு, தரையில் உட்கார்ந்து நானூற்று எண்பத்து மூன்று தாள்களைப் பிரித்ததெல்லாம், நேற்றே முடிந்துவிட்ட ஒரு நாளுக்குள்.

"அப்ப எதுக்கு எங்களை அனுப்புனீக?" என்றார் சங்கையா. குரல் உயரவில்லை.

"ஃபைலுக்கு. பின்னால யாராச்சும் கேட்டா விசாரிச்சோம்னு இருக்கணும்ல? இந்த முதல் பக்கம் போதும். அடியில ஒரு கையெழுத்து." சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். "நேத்துத் தேதி போட்டுருங்க."

சங்கையா பேனாவை வாங்கினார். முதல் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நிதானமாக, குண்டு குண்டாக எழுதினார்: 2.7.1998, வியாழன், அஷ்டமி. இரண்டாம் பக்கத்திலும் அதையே எழுதினார். இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தி, மேஜையின் நடுவில் வைத்தார்.

கண்ணுச்சாமியின் கை காகிதத்தை நோக்கிப் பாதி தூரம் வந்து நின்றது. தேதியைப் பார்த்தது. சூடான தோசைக்கல்லைக் கண்ட மாதிரி பின்வாங்கியது. அஷ்டமி என்று எழுதிய காகிதம் அந்த மில்லின் எந்த ஃபைலுக்குள்ளும் நுழையாது.

ஜெயித்த மாதிரி இருந்தது. கதவு வரை நடக்கிறவரைக்கும்தான். அந்தக் காகிதம் யார் ஃபைலிலும் இல்லையென்றால் வேலுத்தாய் பக்கத்திலும் ஒரு காகிதம் இல்லை.

"தம்பி" என்றார் மேனேஜர், பின்னாலிருந்து. குரலில் கோபமே இல்லை. "ஒண்ணு சொல்லணும். உங்க புரோகிராம் ரொம்ப நல்லா வேலை செய்யுது. ஒரு வருசத்துல ஒரு தடவைகூட மக்கர் பண்ணல."

*

கேட்டுக்கு எதிரே புளியமர நிழலில் வேலுத்தாய் நின்றிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்தாள். சங்கையா சொன்னார். போலீஸில் இருந்தபோது எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ சேதி சொன்னவர், இதைச் சொல்ல நாலு தடவை தொண்டையைச் செருமினார்.

"நேத்தேவா?" என்றாள் அவள். "நேத்து நான் வேலையிலதான இருந்தேன். ஒருத்தரும் சொல்லலையே."

"ஆபீசருக்கு மனு எழுதுவோம்மா. மேல்மனுன்னு ஒண்ணு இருக்கு. நான் எழுதித் தாரேன்" என்றார் சங்கையா. அவருடைய போலீஸ் வேலையும் ஒரு மனுவில்தான் போனது. பீர் மைதீனுக்கு அது தெரியும்.

"அக்கா" என்றான் பீர் மைதீன். "அந்தப் புரோகிராமைப் போட்டது நான்தான். ரெண்டு வரி. தேதியைப் பாருன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான தம்பி செஞ்சிருப்பீக" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. வேலுத்தாய் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். இன்றைய தாள். காலையில் கிழித்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். இன்னைக்குக் காலையில வேலைக்குத்தான் போனேன். பாதியில நீங்க கூப்பிட்டீகன்னு வந்துட்டேன். இதைக் கம்பியில குத்தவா, அடுப்புல போடவா?"

சங்கையா பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பீர் மைதீன் அவள் கையிலிருந்து தாளை வாங்கினான். பையிலிருந்து கம்பியின் முனையை வெளியே எடுத்து, மே முப்பதின் மேல், கரிநாளின் மேல், அஷ்டமியை வைத்து அழுத்தினான். தாள் சின்னதாக ஒரு சத்தம் போட்டு இறங்கியது.

"குத்தியாச்சு, அக்கா."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறினாள், ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பையை மடியில் வைத்தாள். பஸ் திருப்பத்தில் மறைகிறவரை பீர் மைதீன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எண்ணவில்லை.